ஒற்றை இருக்கைப் பந்தயக் கடல் விமானம்: தண்ணீரில் அடம் பிடித்தால் எங்கே பார்ப்பது

ஓர் ஆள் மட்டும் உட்காரும் பந்தயக் கடல் விமானத்தைச் சொந்தமாகக் கட்டித் தண்ணீரில் இறக்கியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உதவி கேட்கிறார்கள். எழும்ப மாட்டேன் என்கிறது. குதிக்கிறது. ஒரு பக்கமாக இழுக்கிறது. நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: எந்த வேகத்தில்?

ஏனென்றால் இந்த விமானத்தைத் தாங்குவது வேகத்துக்கு வேகம் மாறுகிறது. நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் மிதவைகள் ஒதுக்கும் தண்ணீர் தாங்குகிறது. த்ராட்டிலைத் திறந்து கொஞ்சம் வேகமெடுத்ததும் மூக்கு நிமிர்ந்து, மிதவைகள் தண்ணீரை உழுதுகொண்டு போகும். தண்ணீரின் இழுவை அங்கேதான் உச்சம். வரைந்து பார்த்தால் மாட்டின் திமில் மாதிரி எழும்பித் தெரியும். அதனால் அதைத் திமில் என்றே சொல்கிறேன். திமிலைத் தாண்டினால் மிதவை தண்ணீரின் மேல் சறுக்கத் தொடங்கும். அடிப்பக்கத்தில் நடுவே ஒரு படி வெட்டியிருக்கிறதே, அதற்கு முன்னால் உள்ள பரப்பு மட்டும்தான் அப்போது நனையும். கடைசியில் இறக்கை முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். கோளாறு இந்த நான்கில் எங்கே தலைகாட்டுகிறது என்று தெரிந்தாலே முக்கால்வாசிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இங்கே நான் எழுதுவது முன்னால் எஞ்சின், கீழே இரண்டு மிதவை, ஆளும் எரிபொருளும் சேர்த்து 350 கிலோவை ஒட்டிய எடை, மரமும் கண்ணாடியிழையும் கலந்து கட்டிய உடல் என்ற அமைப்பை மனதில் வைத்து. இறக்கை நுனியில் மிதவையைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி ஒரு சிறு கேமரா, வேகத்தைப் பதிவு செய்ய ஒரு ஜி.பி.எஸ்., ஒரு மீட்டர் நீள நேர்விளிம்புச் சட்டம், நோட்டுப் புத்தகம். இவ்வளவு இருந்தால் போதும்.

சோதனை ஓட்டத்துக்கு முன் ஒரு வார்த்தை. துணைக்கு ஒரு படகும், அதில் விவரம் தெரிந்த ஓர் ஆளும் இல்லாமல் த்ராட்டிலைத் தொடாதீர்கள். தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டை வேண்டாம்; கவிழ்ந்த காக்பிட்டுக்குள் அது உங்களை மேலே தூக்கி அழுத்தி, வெளியேற விடாது. கயிற்றை இழுத்தால் ஊதும் வகைதான் சரி.

கட்டிப் போட்டிருக்கும்போதே சாய்கிறது, அல்லது வால் தாழ்கிறது

மிதவைக்குள் தண்ணீர். வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். மற்ற கோளாறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

அமெரிக்கச் சிறு விமான விதிகளில் 2017-க்கு முன்பு 23.751 என்ற பிரிவு இருந்தது. மிதவை தான் தாங்க வேண்டிய எடைக்கு மேல் 80 சதவீதம் கூடுதல் மிதப்பு கொண்டிருக்க வேண்டும், ஒவ்வொரு முதன்மை மிதவையிலும் ஏறத்தாழச் சம அளவில் குறைந்தது நான்கு நீர்புகா அறைகள் வேண்டும், ஏதாவது இரண்டில் தண்ணீர் நிறைந்தாலும் விமானம் கவிழாமல் மிதக்க வேண்டும் என்று அது சொன்னது. சொந்தமாகக் கட்டுபவரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை. 350 கிலோ விமானத்துக்கு மிதவைக்கு 315 லிட்டர், அறைக்குச் சுமார் 80 லிட்டர் வரும்.

பத்து லிட்டர்தானே என்று விடாதீர்கள். அந்தப் பத்து லிட்டர் பின்கோடி அறையில், எடை மையத்துக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால், எடை மையம் 4 செ.மீ. பின்னால் நகர்ந்துவிடும். இந்த அளவு விமானத்தில் முன்னும் பின்னும் போக மொத்தமாகவே பத்துப் பன்னிரண்டு செ.மீ. இடம் இருந்தால் அதிகம். தண்ணீர் வேறு சும்மா இருக்காது. மூக்கு நிமிர்ந்ததும் பின்னால் ஓடும்.

ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக இறைத்து, எத்தனை முறை பம்ப் அடித்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் ஓட்டுபவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். உப்புக் கரித்தால் கசிவு, சப்பென்று இருந்தால் உள்ளே ஈரக்காற்று குளிர்ந்து படிந்த நீர். ஓர் அறையில் இறைக்க இறைக்கப் பக்கத்து அறையிலும் மட்டம் குறைந்தால் நடுத்தடுப்பின் ஒட்டு விட்டிருக்கிறது. ஓர் ஓட்டை இரண்டு அறையை நிரப்பும் நிலை அது. அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.

கசிவைத் தேட மிதவையைக் கரையேற்றி, அறைக்குள் லேசாகக் காற்று கொடுத்து வெளியே சோப்புத் தண்ணீர் தடவுவது வழக்கம். 'லேசாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன். தெளிவான குழாயை யூ வடிவில் வளைத்து, சாயத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையிலும் மட்ட வித்தியாசம் 10 முதல் 15 செ.மீ. வரும்வரை வாயால் ஊதினால் போதும். கம்ப்ரெஸரை மாட்டி ஒரு பார் அழுத்தம் கொடுத்தால், அரைச் சதுர மீட்டர் தட்டின் மேல் ஐந்து டன் உட்காருகிறது. மிதவை பிளந்துவிடும். குமிழி வரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: படியின் இரண்டு மூலைகள், மிதவையை உடலோடு இணைக்கும் கால்தாங்கிகளின் போல்ட் துளைகள், மேல்மூடியின் ரப்பர் வளையம், இறைக்கும் குழாயின் மூடி.

சோப்பில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் தண்ணீர் சேர்கிறதா? வெயிலில் கிடந்த மிதவையை அப்படியே தண்ணீரில் இறக்கினீர்களா என்று யோசியுங்கள். உள்ளே 50 டிகிரியில் இருந்த காற்று 25 டிகிரித் தண்ணீரில் பட்டுக் குளிரும்போது அழுத்தம் சுமார் 8 சதவீதம் விழும். 80 செ.மீ. உயரத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துவதற்கு அது சமம். சோதனையில் நீங்கள் ஊதியதைவிட ஐந்தாறு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகூட வாய் திறந்துவிடும். உயரே ஏறி இறங்கும்போதும் இதே மூச்சு வாங்கல் நடக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் மேல்தளத்தில், கொக்குக் கழுத்து போல் வளைத்த ஒரு சிறு காற்றுக் குழாய் வைத்தால் தீர்ந்தது.

ஊரும்போது சொன்ன பேச்சுக் கேட்பதில்லை

மெதுவாக ஊரும்போது எப்போதும் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்புகிறது என்றால் அது கோளாறு அல்ல. வாலின் பரப்பைக் காற்று தள்ளுகிறது. தண்ணீர்ச் சுக்கான் முழுதாக இறங்குகிறதா, பெடலை மிதித்தால் கம்பி தொய்யாமல் முழுக் கோணமும் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். பின்னால் ஓர் ஆளை நிறுத்திக் கைகாட்டச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை.

த்ராட்டிலைத் திறந்ததும் ஒரு பக்கம் வாரிக்கொண்டு போவது வேறு. இருக்கையிலிருந்து பார்க்கப் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால், அதன் எதிர்முறுக்கு இடது மிதவையைத் தண்ணீரில் அமுக்கும். அமுங்கிய மிதவை இழுக்கும். விமானம் இடப்பக்கம் வட்டமடிக்கும். பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1931-இல் கடல் விமானப் பந்தயமான ஷ்னைடர் கோப்பையை வென்ற சூப்பர்மரின் எஸ்.6பி, முதல் சோதனைகளில் சிறிய விட்டப் ப்ரொப்பெல்லருடன் நேராக ஓடாமல் சுற்றிச் சுற்றியே வந்தது. பெரிய விட்டத்துக்கு மாற்றிய பிறகுதான் நேராகப் போனது. எதிர்முறுக்கைச் சமாளிக்க வலது மிதவையில் கூடுதல் எரிபொருள் ஏற்றும் ஏற்பாடும் அந்த வரிசை விமானங்களில் இருந்தது. 1934 அக்டோபர் 23 அன்று பிரான்செஸ்கோ அஜெல்லோ மணிக்கு 709 கி.மீ. பறந்த மக்கி எம்.சி.72-வில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர்கள். அங்கே முறுக்கு ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டது.

நம் அளவில் செய்யக்கூடியது: த்ராட்டிலை ஒரே மூச்சில் திறக்காமல் நாலைந்து விநாடி எடுத்துத் திறப்பது, தொடக்கத்தில் ஸ்டிக்கை (விமானத்தை இயக்கும் கைத்தடியை) வலப்பக்கம் வைத்து இடது இறக்கையைத் தூக்கிக் கொடுப்பது. அதற்கும் அடங்காவிட்டால் மிதவைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று மூலைவிட்டம் அளந்து பாருங்கள். இரண்டின் மேல்தளக் கோணத்தையும் டிஜிட்டல் மட்டக்கோலால் பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் விடமாட்டேன். மிதவைகளுக்கு நடுவே குறுக்காகப் போகும் கட்டுக்கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள். ஜோடிக் கம்பிகள் இரண்டும் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று டொக்கென்றால் அது தொய்ந்திருக்கிறது. ஓடும்போது மிதவை விரிந்துகொள்கிறது.

மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உழுகிறது, வேகம் ஏறவில்லை

திமிலைத் தாண்ட முடியவில்லை. பந்தயத்துக்கென்று கட்டியவர்களிடம் இதற்கு முதல் காரணம் ப்ரொப்பெல்லர்தான். உச்ச வேகத்துக்கென்று அதிகப் பிட்ச் (இலைச் சாய்வு) வைத்த ப்ரொப்பெல்லர், மெதுவான வேகத்தில் காற்றைக் கடிக்காமல் குழப்பிக்கொண்டு கிடக்கும். எஞ்சினும் சுழற்சி ஏற முடியாமல் திணறும். வாலைக் கரையில் உறுதியாகக் கட்டி, முழு த்ராட்டிலில் எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்கள். ரோட்டாக்ஸ் 912 என்ற சிறு விமான எஞ்சினுக்கு டேக்ஆஃப் வரம்பு நிமிடத்துக்கு 5,800 சுற்று. நின்ற இடத்தில் 5,200-ஐ ஒட்டியாவது வர வேண்டும் என்பது என் கணக்கு. 4,800-லேயே நிற்கிறது என்றால் எஞ்சினின் குதிரைச்சக்தியில் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. தரையில் கோணம் மாற்றக்கூடிய இலைகள் என்றால் அரை அரை டிகிரியாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். உச்ச வேகத்தில் சிறிது போகும். தண்ணீரைவிட்டு எழாத விமானம் பந்தயத்தில் எந்த இடமும் வாங்காது.

அடுத்தது எடை. கட்டி முடித்தபோது போட்ட எடைக் கணக்கை நம்பாதீர்கள். பெயின்ட், பேட்டரி, உறிஞ்சிய ஈரம் எல்லாம் சேர்ந்த இன்றைய எடையைத் தராசில் பாருங்கள். மிதவை அடியில் பாசி பிடித்திருந்தால் கையால் தடவினாலே வழவழப்பு தெரியும். துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். வெயில் கொளுத்தும் பகலில் எஞ்சின், ப்ரொப்பெல்லர், இறக்கை மூன்றுமே மெலிந்துபோகும்; காலையில் எழும்பியது மதியம் எழும்பவில்லை என்றால் எதையும் கழற்ற வேண்டாம்.

கையும் ஒரு காரணமாகலாம். தொடக்கத்தில் ஸ்டிக் முழுதாகப் பின்னால். மூக்கு ஒரு தரம் எழும், பிறகு இன்னொரு தரம் எழும்பி நிற்கும். அந்த இரண்டாவது எழுச்சியில் ஸ்டிக்கை மெல்ல முன்னால் விட்டால் விமானம் படியின் மேல் ஏறி உட்காரும், அதாவது சறுக்கத் தொடங்கும். அவசரப்பட்டு முன்னாடியே தள்ளினால் மிதவை மூக்கு தண்ணீருக்குள் புகுந்து தெறிப்பு காக்பிட்டை மூடும். விடாமல் பின்னாலேயே பிடித்திருந்தால் காலமெல்லாம் உழுதுகொண்டே இருக்கலாம்.

நீர்ச்சிறகு (தண்ணீருக்குள் ஓடி விமானத்தைத் தூக்கும் சிறு இறக்கை) வைத்தால் திமிலே இருக்காதே என்று சிலர் கேட்கிறார்கள். 1929 ஷ்னைடர் பந்தயத்துக்கென்று இத்தாலியில் கட்டிய பியாஜியோ பி.7-இல் நீர்ச்சிறகும் இருந்தது, தண்ணீருக்குள் சுற்றும் தனிப் ப்ரொப்பெல்லரும் இருந்தது. மிக அழகான விமானம். ஒரு தடவைகூடப் பறக்கவில்லை.

படியில் ஏறியதும் ஓங்கில் (டால்பின்) மாதிரி துள்ளுகிறது

இதற்குத்தான் நிறைய இடம் ஒதுக்குகிறேன். ஒற்றை இருக்கை விமானங்களை உடைப்பதும், ஆட்களைக் காயப்படுத்துவதும் பெரும்பாலும் இந்த ஓங்கில் துள்ளல்தான் என்பது என் கருத்து.

சறுக்கி ஓடும் ஒவ்வொரு வேகத்துக்கும் மூக்குக் கோணம் ஒரு சந்துக்குள் இருக்க வேண்டும். சந்தின் அகலம் சில டிகிரிதான். கீழே போனாலும் துள்ளும், மேலே போனாலும் துள்ளும். வேகம் கூடக் கூட அடி எல்லை தாழ்ந்துகொண்டே போகும். விமானம் கனத்தால் எல்லைகள் மேலே நகரும். ஆகவே "துள்ளுகிறது" என்று மட்டும் சொன்னால் பதில் சொல்ல முடியாது. கீழ்த்துள்ளலா, மேல்துள்ளலா?

கேமராப் பதிவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மூக்கு தாழ்ந்து, மிதவையின் முன்பகுதி தண்ணீரில் புதைந்து, எழும்பி, மறுபடி புதைந்தால் அது கீழ்த்துள்ளல். மூக்கு நிமிர்ந்து, படியும் பின்முனையும் மாறி மாறித் தண்ணீரைத் தட்டினால் மேல்துள்ளல். இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வித்தியாசம் தெரியும்: முன்னது முகத்தில் அறைகிற மாதிரி, பின்னது இடுப்பில் உதைக்கிற மாதிரி.

முதலில் கை செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்துள்ளல் தொடங்குகிறது என்று தோன்றிய உடனே ஸ்டிக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்து அங்கேயே பிடியுங்கள். மேல்துள்ளல் என்றால் இழுத்துப் பிடித்திருப்பதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இரண்டாவது துள்ளலுக்குள் அடங்காவிட்டால், எந்த வகை என்று ஆராயாமல், த்ராட்டிலை மூடி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து உறுதியாகப் பிடித்துத் தண்ணீரில் அமரவிடுங்கள். எழும்பும்போது தள்ளி, இறங்கும்போது இழுத்து அதன் பின்னாலேயே கை ஓடினால் ஒவ்வொரு முறையும் அரைத்தாளம் பிந்தும். பிந்திய ஒவ்வொரு அசைவும் அடுத்த துள்ளலைப் பெரிதாக்கும். மூன்றாவதோ நான்காவதோ துள்ளலில் மிதவை மூக்கு உள்ளே போகும். கவிழ்வதற்கு அது போதும்.

இனி காரணம். எடை மையமும் படியும் எப்படி நிற்கின்றன என்பதே அடிப்படை. படி எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அதிகமாகப் பின்னால் போனால் மூக்கு எப்போதும் தாழ்வாகவே ஓடும், கீழ்த்துள்ளல் வரும். ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடை மையம் படிக்கு நேர்மேலே வந்தாலோ பின்னால் நழுவினாலோ மேல்துள்ளல். எரிபொருள் நிறைந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, பாதி தீர்ந்ததும் துள்ளினால் டேங்க் இருக்கும் இடத்தைப் பாருங்கள். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று துள்ளினால் பின்கோடி அறைகளைப் பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், விமானத்தைக் கரையேற்றிப் படிக்கு முன்னால் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை ஏராவுக்கு (மிதவை அடியில் நெடுக ஓடும் நடுமுதுகுக்கு) இணையாக வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். என் இடது மிதவையில் இதைச் செய்தபோது சட்டம் ஊஞ்சல் மாதிரி ஆடியது. படியை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு மூன்று மில்லிமீட்டர் புடைப்பு. விளிம்பின் இரண்டு பக்கமும் டார்ச் வெளிச்சம் கத்தி போல் மெலிந்துகொண்டே போய் நடுவில் அணைந்தது. வெறும் கண்ணால் எத்தனையோ முறை பார்த்த இடம், கையால் மெழுகு தேய்த்த இடம். மேல்துள்ளலுக்கு எடை மையத்தைக் குற்றம் சொல்லி, பேட்டரியை மூன்று தரம் இடம் மாற்றிய பிறகுதான் அதைக் கண்டேன். அடிப்பரப்பு வெளியே புடைத்தால், ஓடும் தண்ணீர் அந்த வளைவைத் தொடர்ந்து அங்கே உறிஞ்சும். பின்பகுதி தாழ்ந்து மூக்கு எழும். உள்ளே குழிந்தால் நேர் எதிர்: பின்பகுதி தூக்கப்பட்டு மூக்கு தாழும், கீழ்த்துள்ளல்.

புடைப்பு எப்படி வந்தது? விமானத்தை வெயிலில் இரண்டே இரண்டு கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தேன். சூடான எபாக்ஸி இளகி, கட்டைகளுக்கு நடுவே அடிப்பரப்பு தொய்ந்து, அப்படியே இறுகிவிட்டது. இப்போது ஏரா முழுநீளமும் படியும்படி வளைவு வெட்டிய தாங்கி செய்திருக்கிறேன். புடைப்பைத் தேய்த்து, சுற்றிலும் நிரப்பி, சட்டத்தின் கீழே வெளிச்சமே தெரியாத அளவுக்குக் கொண்டுவர நான்கு நாள் ஆனது. அதற்கடுத்த ஓட்டத்தில் ஸ்டிக்கில் நடுக்கமே இல்லை.

படியில் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் விடமாட்டேன் என்கிறது. அல்லது இறங்கும்போது தவளைக்கல் போல் எகிறுகிறது

இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பல நேரம் இரண்டுக்கும் ஒரே வேர். படியின் வேலை, அடியில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று வெட்டிவிட்டு, அதற்குப் பின்னால் காற்றை நுழையவிடுவது. காற்று நுழையாவிட்டால் பின்பகுதி தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதும் விடுவதும் மாறி மாறி நடந்தால் இறங்கும்போது எகிறல்.

பந்தய ஆசையில் பலர் செய்யும் காரியம் ஒன்றுண்டு. படி காற்றில் இழுக்கிறதே என்று அதன் பின்னால் சரிவாக நிரப்பி, வழவழப்பாக்கி விடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. காற்றில் கிடைக்கும் கொசுறு வேகத்துக்காகத் தண்ணீரைவிட்டு விலகும் ஒரே வழியை அடைப்பது அது. படியின் ஆழம் மிதவை அகலத்தில் 5 முதல் 8 சதவீதம் இருக்கட்டும், 50 செ.மீ. அகல மிதவைக்கு 25 முதல் 40 மி.மீ. விளிம்பு நகத்தால் தடவினால் பிடிக்கிற அளவுக்குக் கூராக இருக்க வேண்டும். பெயின்ட் அடித்து அடித்து அது உருண்டுபோயிருந்தால் சட்டம் வைத்துத் தேய்த்து மீண்டும் கூராக்குங்கள். ஆழம் போதாது, மாற்றவும் வழியில்லை என்றால், மேல்தளத்திலிருந்து படியின் பின்சுவருக்குக் காற்றுக் குழாய்கள் இறக்கலாம்.

படி ஒழுங்காக இருந்தும் எழும்பவில்லையா? தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்ததா என்று பாருங்கள். சிற்றலை இல்லாவிட்டால் அடியில் காற்றே கலக்காது. ஒரு பக்கம் ஸ்டிக்கைச் சாய்த்து முதலில் ஒரு மிதவையை மட்டும் தூக்கினால் இழுவை பாதியாகக் குறைந்து மற்றதும் விடும். துணைப் படகை முன்னால் ஓட்டி நீரைக் கலைக்கச் சொல்வதும் நடப்பதுதான். அலையடங்கிய நீரில் இறங்கும்போது உயரம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால், கரையோரமாக, கரையைப் பார்த்து உயரம் மதிப்பிட்டு இறங்குங்கள்.

எகிறல் வேகமாகவும் மூக்கு நிமிர்ந்தும் இறங்குவதாலும் வரும். வேறு படகின் அலையைக் குறுக்கே கடந்தாலும் வரும். அப்போது சிறிது பவர் கொடுத்து, மூக்குக் கோணத்தைச் சரியாக்கி, பிறகு பவரை மெல்லக் குறைத்து உட்காரவிட வேண்டும்.

எஞ்சின் இருமுகிறது

மறுபடியும் அதே கேள்வி: எப்போது?

திமிலில், தெறிப்பு எழும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் இருமினால் காற்று உள்வாயிலிலோ ஸ்பார்க் ப்ளக் வயரிலோ தண்ணீர். படியில் தடதடவென்று அலை தாண்டும்போது இருமினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அலைகிறது அல்லது டேங்க் வாயை விட்டு விலகுகிறது. நெடுநேரம் த்ராட்டில் மூடி ஊர்ந்துவிட்டுத் திறக்கும்போதோ, குறைந்த பவரில் இறங்கி வரும்போதோ இருமினால், கார்புரேட்டரில் பனி பிடித்திருக்கலாம். வெளியே 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போதா என்று கேட்பீர்கள். ஆமாம், பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல்கூட விழும், தண்ணீர்ப் பரப்பின் மேல் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. காலையில் முதல் ஓட்டத்திலேயே இருமினால் டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, அடியில் தண்ணீர் உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

தெறிப்பு எங்கே அடிக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி சாக்பீஸ். ப்ரொப்பெல்லர் இலைகளிலும், எஞ்சின் மூடியின் அடியிலும், வாலின் கீழ்ப்புறத்திலும் தடித்த கோடுகள் கிழித்துவிட்டு ஒரே ஒரு ஓட்டம் ஓடி நிறுத்துங்கள். கழுவிப்போன கோடு சொல்லும். மிதவையின் முன் மூன்றிலொரு பங்கில், வெளிவிளிம்பு நெடுகக் கீழ்நோக்கிய ஒரு பட்டியை ஒட்டினால் தெறிப்பு பக்கவாட்டில் தாழ்ந்து போகும்.

ப்ரொப்பெல்லரைப் பற்றியும் கவலைப்படுங்கள். 1.7 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நுனி விநாடிக்கு 210 மீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் துளி என்பது கல். முன்விளிம்பில் பாலியுரேத்தேன் டேப்போ உலோகப் பட்டியோ இல்லாத மர இலை ஒரே நாளில் நார் நாராகிவிடும்.

காற்றில் ஏறிய பிறகு

மூக்கு பாம்பு மாதிரி இடமும் வலமும் தேடிக்கொண்டே போகிறது என்றால் மிதவைகளின் பக்கப்பரப்பு எடை மையத்துக்கு முன்னால் அதிகமாக இருக்கிறது. வாலின் அடியில் ஒரு துடுப்புத் தகடு சேர்ப்பதே மருந்து. மிதவை மாட்டிய பல விமானங்களில் இதைப் பார்க்கலாம்.

பவர் கொடுத்தால் மூக்கு தாழ்கிறது, மூடினால் எழுகிறது. கீழே தொங்கும் மிதவைகள் எடை மையத்தைக் கீழே இழுத்துவிடுவதால் எஞ்சின் அதற்கு மேலிருந்து தள்ளுகிறது. இதை முழுதாக ஒழிக்க முடியாது. எஞ்சினை ஓரிரு டிகிரி சாய்த்துக் குறைக்கலாம். ஆனால் எஞ்சின் திடீரென்று நின்றால் மூக்கு தானே நிமிரும், வேகம் கரையும். நல்ல உயரத்தில் த்ராட்டிலைச் சட்டென்று மூடி, உடனே ஸ்டிக்கை முன்னால் தள்ளும் பழக்கத்தைக் கைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அதிவேகத்தில் ஸ்டிக்கிலோ பெடலிலோ ஒரு ரீங்காரம். தேனீ கைக்குள் இருப்பது போல் மெல்லிய அதிர்வு. இதைக் கேட்டால் பந்தயமாவது ஒன்றாவது, த்ராட்டிலை உடனே குறைத்து, மூக்கை நிதானமாக உயர்த்தி வேகத்தைக் கொல்லுங்கள். இறங்கும்வரை அந்த வேகத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். இது ஃப்ளட்டர், அதாவது காற்று தூண்டிவிடத் தானே பெருகிக்கொண்டு போகும் அதிர்வு. 1931 ஷ்னைடர் பந்தயத்துக்கு ஆயத்தமான சூப்பர்மரின் விமானங்களிலும் வால் சுக்கானில் வந்தது. சமநிலை எடைகள் சேர்த்துத்தான் அடக்கினார்கள்.

நீங்களும் கட்டும்போது எலிவேட்டர் (வாலின் கிடைமட்ட அசையும் தகடு), சுக்கான், எய்லிரான் (இறக்கையின் அசையும் தகடு) எல்லாவற்றையும் எடை சமப்படுத்தித்தான் மாட்டியிருப்பீர்கள். ஆனால் கடல் விமானத்தில் அந்தச் சமநிலையைத் திருடுவது தெறிப்புத் தண்ணீர். கீல் வழியாக உள்ளே போய், பின்விளிம்பில் தேங்கும். கீலிலிருந்து அதிகத் தொலைவு என்பதால் அங்கே தேங்கும் நூறு மில்லி தண்ணீர், தன்னைப்போல் பல மடங்கு எடையில் முன்னால் நீங்கள் வைத்த ஈயத்தின் வேலையை அழித்துவிடும். எலிவேட்டரைக் கழற்றி, காதருகே வைத்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சளக்கென்று ஒரு சத்தம் கேட்டால் காரணம் கிடைத்துவிட்டது. பின்விளிம்பின் தாழ்ந்த மூலையில், ஒவ்வோர் உள்தடுப்புக்கும் ஒன்றாக, ஐந்து மில்லிமீட்டர் வடிதுளை போட்டு, துளையின் ஓரத்தை எபாக்ஸியால் மூடி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, மறுபடி எடை சமப்படுத்தி, அதற்குப் பிறகு மாட்டுங்கள்.